13 வாரமா, 1,500 எபிசோடா? தூர்தர்ஷனிலும் கேபிளிலும் தொடர் எடுத்த கே.பாலசந்தரின் கதை

ரஜினிகாந்தை 'அபூர்வ ராகங்கள்' படத்தில் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வரவைத்தவர் கே.பாலசந்தர். இது எல்லோருக்கும் தெரியும். அவர் இயக்கியும் எழுதியும் வந்த படங்கள் நூறு என்று கணக்கு சொல்வார்கள். ஒரு படம் இரண்டரை மணி நேரம் என்று வைத்தால் மொத்தம் 250 மணி நேரம். ஒரு மனிதனின் நாற்பது வருட உழைப்பு அது.

இப்போ இன்னொரு கணக்கு. சன் டிவியில் 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' தொடர் மொத்தம் 1,533 எபிசோடுகள். விளம்பரம் போக ஒரு எபிசோடு 20 நிமிடம் என்று வைத்தாலே 511 மணி நேரம் ஆகிறது. பாலசந்தரின் மொத்த சினிமாவையும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தாலும் அந்த ஒரு தொடரின் நீளத்துக்கு வராது.

இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில்தான் பாலசந்தரின் வாழ்க்கையின் கடைசிக் கால் நூற்றாண்டு நடந்தது. தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலத்திலும் தொடர் எடுத்தார், கேபிள் வந்த பிறகும் எடுத்தார். அதனால் அரசு டிவியின் நாடகத்துக்கும் கேபிள் டிவியின் நாடகத்துக்கும் என்ன வித்தியாசம், அது ஏன் வந்தது என்று புரிந்துகொள்ள அவருடைய கதை ரொம்ப வசதியானது.

ஏ.ஜி. ஆபீஸ் கிளார்க்

1930 ஜூலை 9-ம் தேதி பிறந்தவர் பாலசந்தர். ஊர், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்து நன்னிலம் பக்கம் நல்லமாங்குடி. எட்டு வயதிலேயே சினிமாப் பைத்தியம், பன்னிரண்டு வயதில் நாடகப் பைத்தியம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து 1949-ல் பட்டம் வாங்கினார். முத்துப்பேட்டையில் கொஞ்ச காலம் வாத்தியார் வேலை. 1950-ல் சென்னைக்கு வந்து அக்கவுன்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தார்.

பகலில் ஃபைல், சாயங்காலம் ஒத்திகை. 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்', 'நாணல்', 'மெழுகுவர்த்தி' எல்லாம் இந்த இரட்டை வாழ்க்கையில் பிறந்த நாடகங்கள். நாகேஷும் அப்போது ரயில்வே வேலையை வைத்துக்கொண்டு மேடை ஏறியவர். 1964-ல் எம்.ஜி.ஆரின் 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம் எழுதும் வாய்ப்பு வந்தபோதும் பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸில்தான் இருந்தார். அடுத்த வருஷமே 'நீர்க்குமிழி' மூலம் இயக்குநர் ஆனார்.

அவர் நாடகத்துக்கு வந்த கூட்டம் யார்? ஆபீஸ் போகிறவர்கள். சம்பளத் தேதியை எண்ணி வாழ்கிற குடும்பங்கள். குரோம்பேட்டை, பல்லாவரம் மாதிரி புறநகரில் மனை வாங்கி வீடு கட்டி, காலையில் மின்சார ரயில் பிடித்து, மாம்பலத்திலோ சைதாப்பேட்டையிலோ இறங்கி பஸ் மாறுகிற ஆட்கள். அவர்களுடைய பேச்சு, அவர்களுடைய பயம், அவர்கள் வீட்டில் கல்யாணமாகாமல் இருக்கிற பெண். பின்னாளில் டிவி பெட்டி முதலில் நுழைந்ததும் இதே வீடுகளுக்குள்தான்.

அவருடைய ஆரம்பப் படங்களை இன்றைக்குப் போட்டுப் பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். 'நீர்க்குமிழி' கிட்டத்தட்ட முழுக்க ஒரு ஆஸ்பத்திரிக்குள் நடக்கும். 'எதிர்நீச்சல்' (1968) பல குடித்தனங்கள் இருக்கிற ஒரே வீடு. 'பாமா விஜயம்' (1967) ஒரு கூட்டுக் குடும்பம். நாலு சுவர், ஏழெட்டு பேர், நிறையப் பேச்சு. சினிமாவாக எடுத்தாலும் அடிப்படையில் அவை டிவி அளவுக்கு அளந்து தைத்தது போன்ற கதைகள். தமிழ்நாட்டில் டிவியே இல்லாதபோது அவர் இதைச் செய்துகொண்டிருந்தார் என்பதுதான் வேடிக்கை.

ஒரே சேனல் இருந்த காலம்

சென்னைத் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை நாடகம், வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும், ஞாயிற்றுக்கிழமை படம். மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்ப ஒருவர், கீழே டிவி முன்னால் நின்று தெரியுது தெரியலை என்று கத்த ஒருவர். அன்றைக்குக் குரோம்பேட்டையிலும் சரி, மயிலாப்பூரிலும் சரி, எல்லோரும் பார்த்தது ஒரே நிகழ்ச்சி.

1984 ஜூலையில் தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடர் வந்தது. மனோகர் ஷியாம் ஜோஷி எழுதிய அந்த நடுத்தரக் குடும்பக் கதைதான் இந்தியாவில் டிவி தொடர் என்கிற தொழிலையே தொடங்கி வைத்தது. 1987-ல் 'ராமாயணம்' வந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருக்கள் காலியாயின.

தூர்தர்ஷனில் ஒரு தொடர் எப்படி உருவாகும்? கதையையும் மாதிரி எபிசோடையும் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். பொதுவாக 13 வாரம் கிடைக்கும். தயாரிப்பாளர் ஒளிபரப்புக் கட்டணம் கட்டுவார். அதற்குப் பதிலாகத் தூர்தர்ஷன் சில விநாடிகள் விளம்பர நேரம் கொடுக்கும். அதை விற்றுப் போட்ட பணத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபைல் நகர்வது மெதுவாக இருக்கும். அரசியல் வாடை அடித்தால் கதை நகரவே நகராது. ஏ.ஜி. ஆபீஸில் பல வருஷம் ஃபைல் தள்ளியவருக்கு இது ஒன்றும் புது அனுபவமாக இருந்திருக்காது.

ஆனால் அந்த 13 வாரத்தில் ஒரு பெரிய நன்மை ஒளிந்திருந்தது. முதல் நாளே முடிவு தெரிந்தாக வேண்டும். அரை மணி நேரம் வீதம் 13 வாரம் என்றால் விளம்பரத்தையும் சேர்த்து ஆறரை மணி நேரம்தான். தேவையில்லாத கதாபாத்திரத்துக்கு அதில் இடமே கிடையாது.

இந்தக் காலத்தில்தான் பாலசந்தர் 'ரயில் சிநேகம்' எடுத்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் வந்த தொடர் அது. அப்போது அவர் 'சிந்து பைரவி', 'உன்னால் முடியும் தம்பி', 'புதுப்புது அர்த்தங்கள்' எல்லாம் கொடுத்து முடித்த பெரிய இயக்குநர். 1987-லேயே பத்மஸ்ரீ வாங்கியாகிவிட்டது. டிவி என்றால் மார்க்கெட் போனவர்கள் ஒதுங்கும் இடம் என்று சினிமாக்காரர்கள் நினைத்த நாட்களில், அந்த உயரத்தில் இருந்தவர் சின்னத்திரைக்கு வந்தது சாதாரண விஷயமில்லை.

அதே தூர்தர்ஷனில்தான் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நாவலும் தொடராக வந்தது. சுஜாதா குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தவர். பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' படத்துக்குக் கதை அவருடையதுதான். ரோபோ நாயை வைத்து ஒரு தமிழ்க் கதையை அரசு டிவியில் எடுக்க முடிந்தது என்பதை இன்றைக்கு நினைத்தால் ஆச்சரியம்தான். பார்ப்பவர்களுக்கு மாற்றிப் பார்க்க வேறு சேனல் இல்லை என்பதும் அந்தத் துணிச்சலுக்கு ஒரு காரணம்.

ஒயர் வந்தது

1991 வளைகுடாப் போரைச் செயற்கைக்கோள் வழியாக நேரலையில் பார்த்த பிறகு இந்தியாவில் டிஷ் ஆன்டெனாக்கள் முளைத்தன. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது. அடுத்தடுத்து ராஜ் டிவி, விஜய் டிவி வந்தன. தெருவுக்கு ஒரு கேபிள்காரர். தென்னை மரத்துக்கும் மின்கம்பத்துக்கும் மாடிக் கைப்பிடிச் சுவருக்கும் குறுக்கே கருப்பு ஒயர். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலைக்கு இரண்டு பக்கமும் உள்ள தெருக்களில் ஆன்டெனாக்கள் துருப்பிடிக்கத் தொடங்கின.

கேபிள் வந்த முதல் ஆறேழு வருடங்கள் தமிழ் டிவி நாடகத்துக்குக் கிடைத்த அபூர்வமான காலம். அனுமதிக்காக டெல்லியைப் பார்த்து உட்கார வேண்டாம், 13 வாரம் என்கிற கழுத்துப்பிடி இல்லை. அதே சமயம் தொடர்கள் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு நாள்தான். எழுத ஏழு நாள் கிடைத்தது. ஒத்திகை பார்க்கவும் நேரம் இருந்தது.

பாலசந்தரின் நல்ல தொடர்கள் இந்த இடைவெளியில்தான் விழுந்தன. 'கையளவு மனசு', 'காதல் பகடை', 'பிரேமி' எல்லாம் அப்போது வந்தவை. 'பிரேமி'யில் ரேணுகா. 'கையளவு மனசு' தொடரில் கீதா, சாகப்போகிற ஒரு அம்மா. தான் போவதற்குள் குழந்தைகளை ஒவ்வொரு நல்ல குடும்பத்திலும் சேர்த்துவிடத் துடிக்கிறாள். இந்தக் கதையைக் கொஞ்சம் கவனியுங்கள். இதற்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. அம்மா இறந்தே ஆக வேண்டும், கதை முடிந்தே ஆக வேண்டும். இதை நாலு வருஷத்துக்கு இழுத்தால் அந்த அம்மாவுக்கு வந்த நோய் மேலேயே பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இன்னொரு முக்கியமான ஆள் அவருடைய மகன் பாலா கைலாசம். அமெரிக்காவில் சினிமா படித்து, ஆவணப்படங்கள் எடுத்தவர். அவருடைய மின்பிம்பங்கள் நிறுவனம்தான் 'மர்மதேசம்' தொடரைத் தயாரித்தது. கதை இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் நாகா. 'விடாது கருப்பு' ஒளிபரப்பான இரவுகளில் தனியாகக் கொல்லைப்புறம் போகப் பயந்த பிள்ளைகள் இப்போ நாற்பதை நெருங்குகிறார்கள். அப்பா பேச்சிலும் நடிப்பிலும் நாடகம் கட்டினார் என்றால், மகனின் கம்பெனி கேமராவிலும் சத்தத்திலும் இருட்டிலும் கட்டியது. 'ரமணி வெர்சஸ் ரமணி' என்கிற புருஷன் பெண்டாட்டி காமெடியும் அதே கம்பெனிதான், அதே நாகாதான்.

1999-ல் என்ன நடந்தது?

1999 ஜனவரியில் அமெரிக்காவில் எச்.பி.ஓ. என்ற கேபிள் சேனல் 'தி சோப்ரானோஸ்' என்ற தொடரைத் தொடங்கியது. ஒரு சீசனுக்கு 13 எபிசோடு. அங்கே ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி. போன்ற பழைய நெட்வொர்க்குகள் வருஷத்துக்கு 22 எபிசோடு, நடுநடுவே விளம்பரம் என்று எடுத்துக்கொண்டிருந்தன. கேபிள் வந்து எபிசோடைக் குறைத்தது, கதையை ஆழமாக்கியது. பிறகு 'மேட் மென்', 'பிரேக்கிங் பேட்' எல்லாம் அந்தப் பாதையில்தான் போயின.

அதே 1999 டிசம்பரில் சன் டிவியில் ராதிகாவின் 'சித்தி' தொடங்கியது. வாரநாள் எல்லாம், இரவு 9.30. இரண்டு வருடத்தில் 467 எபிசோடு. அடுத்து 'மெட்டி ஒலி' 811. பிறகு 'கோலங்கள்' 1,533.

அதாவது அமெரிக்காவில் கேபிள் தொடரைச் சுருக்கியது, தமிழ்நாட்டில் கேபிள் தொடரை இழுத்தது. இரண்டும் கேபிள்தான். பின்னே ஏன் இப்படி?

விடை ஒயரில் இல்லை, காசு வருகிற வழியில் இருக்கிறது. எச்.பி.ஓ.வுக்கு வருமானம் சந்தாதாரர் கொடுக்கும் பணம். அங்கே விளம்பரம் கிடையாது. சந்தாவை நிறுத்தாமல் இருக்கிற அளவுக்கு ஒரு நல்ல தொடர் இருந்தால் போதும். இங்கே குரோம்பேட்டை வீட்டுக்காரர் மாதாமாதம் கொடுத்த பணம் பெரும்பாலும் கேபிள்காரரோடு நின்றுவிட்டது. சேனலுக்கு வருமானம் விளம்பரம். தயாரிப்பாளர் சேனலிடம் நேரத்தை வாடகைக்கு எடுத்து, அந்த அரை மணி நேரத்துக்குள் வரும் விளம்பர நேரத்தை விற்றார். அட, இது தூர்தர்ஷன் வழிதானே! ஆமாம், பணம் போகிற பாதை கிட்டத்தட்ட அதேதான். மாறியது இரண்டு. ஒன்று, முன்னே அனுமதிக் குழு இருந்த இடத்தில் இப்போ டி.ஆர்.பி. இரண்டு, வாரத்துக்கு ஒரு நாள் இருந்த இடத்தில் வாரத்துக்கு ஐந்து நாள்.

ஓடுகிற தொடரை நிறுத்துவது இந்த ஏற்பாட்டில் முட்டாள்தனம். புதுத் தொடருக்குக் கூட்டம் சேர்க்க மாதக்கணக்கில் ஆகும். பழைய தொடருக்குக் கூட்டம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. தூர்தர்ஷனில் மூன்று மாதம் ஓடிய அளவு கதையைத் தினசரித் தொடர் மூன்று வாரத்துக்குள் தின்றுவிடும். அதனால்தான் ஒருவர் அதிர்ச்சியடைந்தால் அறையில் இருக்கும் ஏழு பேர் முகத்தையும் மூன்று மூன்று தடவை காட்ட வேண்டியிருக்கிறது. அது இயக்குநருக்கு வேலை தெரியாததால் வந்ததில்லை. நாளைக்கும் எபிசோடு இருக்கிறது, அவ்வளவுதான்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தினசரித் தொடர் வந்த பிறகுதான் ஏராளமான நடிகர்கள், எழுத்தாளர்கள், லைட்மேன்கள், எடிட்டர்களுக்கு மாதச் சம்பளம் மாதிரி ஒரு வருமானம் வந்தது. தூர்தர்ஷன் காலத்தில் தொடரை நம்பிப் பிழைப்பு நடத்த முடியாது.

கவிதா மறுபடி வந்தாள்

பாலசந்தர் 1974-ல் எடுத்த படம் 'அவள் ஒரு தொடர்கதை'. பெரிய குடும்பத்தை ஒற்றை ஆளாகச் சம்பாதித்துச் சுமக்கிற கவிதாவாக நடிகை சுஜாதா நடித்தார். கடைசியில் பொறுப்பேற்க வந்த அண்ணனும் இறந்துபோக, அவள் கல்யாணம் நின்று, மறுபடியும் வேலைக்குக் கிளம்புகிறாள். இவள் கதைக்கு முடிவே கிடையாது என்பதை இரண்டரை மணி நேரத்தில் சொல்லி முடித்துவிட்ட படம் அது. முடிந்ததால்தான் அந்த முடிவில்லாமை மனதில் நின்றது.

மெகா தொடர்களின் கதாநாயகிகளைப் பாருங்கள். ஆபீஸ் போகிறாள், தம்பி தங்கைகளைக் கரையேற்றுகிறாள், தன் வாழ்க்கையைத் தள்ளிவைக்கிறாள். 'கோலங்கள்' அபி உட்பட பலரும் ஏதோ ஒரு வகையில் கவிதாவின் பேத்திகள். பாலசந்தர் தலைப்பில் வைத்த தொடர்கதையைச் சேனல்கள் அப்படியே எடுத்துக்கொண்டு நிஜமாகவே தொடர்கதையாக ஆக்கிவிட்டன. ஆனால் ஆறு வருடம் தினமும் துன்பப்பட்டால் அந்தத் துன்பம் நமக்குப் பழகிப்போகிறது. சமைத்துக்கொண்டே பார்க்கலாம். கவிதாவை அப்படிப் பார்க்க முடியாது.

அவர் ஒதுங்கிவிட்டாரா என்றால் இல்லை. 2001-ல் அவருடைய நூறாவது படம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட 'பார்த்தாலே பரவசம்' ஓடவில்லை. ஆனால் ஜெயா டிவியில் மாளவிகா நடித்த 'அண்ணி' பேசப்பட்டது. அதில் அவரிடம் உதவியாளராக இருந்த சமுத்திரக்கனி பிறகு சினிமாவில் தனிப் பெயர் எடுத்தார். 2003-ல் அதே சேனலில் 'சஹானா'. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் வந்த 'சிந்து பைரவி' படம் முடிந்த இடத்திலிருந்து கதையை எடுத்துக்கொண்ட தொடர் அது. கர்நாடக சங்கீதத்தை மையமாக வைத்து, மாமியார் மருமகள் சண்டை உச்சத்தில் இருந்த நேரத்தில் இப்படி ஒன்றை எடுத்தது அவருடைய பிடிவாதம்தான். ஒரு படத்தின் கதையைத் தொடர வேண்டுமென்றால் அதற்கு ஏற்ற இடம் டிவிதான் என்று அவர் புரிந்துவைத்திருந்தார். எண்பது வயதைத் தாண்டிய பிறகும் கலைஞர் டிவியில் ரேணுகாவை வைத்து 'அமுதா ஒரு ஆச்சரியக்குறி' எடுத்தார்.

2010-ம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தது. விருது சினிமாவுக்கானது என்பதால் தொடர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. இன்றைக்கும் அவரைப் பற்றிய கட்டுரைகளில் அவருடைய டிவி வேலை கடைசிப் பத்தியில் ஒரு வரியாகத்தான் வருகிறது.

2014 ஆகஸ்ட் 15-ல் மகன் பாலா கைலாசம் காலமானார். நாலு மாதம் கழித்து, டிசம்பர் 23-ல், 84 வயதில் பாலசந்தரும் சென்னையில் காலமானார். கமல்ஹாசனின் 'உத்தம வில்லன்' படத்தில் மார்க்கதரிசி என்ற இயக்குநராக அவர் நடித்த காட்சிகள் அடுத்த ஆண்டு மே மாதம்தான் திரைக்கு வந்தன.

அவர் பார்க்காத ஒன்று அதற்குப் பிறகு வந்தது. சந்தா கட்டிப் பார்க்கும் ஓடிடி. 2022-ல் அமேசான் பிரைமில் வந்த 'சுழல்' தமிழ்த் தொடருக்கு முதல் சீசனில் 8 எபிசோடுதான். விளம்பரக் காசை நம்பாத இடத்தில் எபிசோடு மறுபடி குறைந்திருக்கிறது. டிவியில் தினசரித் தொடர்கள் வழக்கம்போல ஓடுகின்றன. 'மர்மதேசம்' உள்ளிட்ட பழைய தொடர்களைப் பாலசந்தரின் கவிதாலயா நிறுவனம் தன் யூடியூப் சேனலில் போட்டிருக்கிறது. வாரம் ஒரு எபிசோடு என்று காத்திருந்து பார்த்ததை இப்போது தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் மொபைலில் இரண்டு பார்த்துவிடலாம்.